ஃபெட்ச்: திட்டிக்கொண்டே ஏழு வருடம்

போன வாரம் நண்பன் கேட்டான்: "புது புராஜெக்ட் ஆரம்பிக்கிறோம்டா. ஆக்சியோஸ் போடவா, ஃபெட்ச் போதுமா?" இணையப் பக்கத்திலிருந்து சர்வரோடு தரவு பேச ஃபெட்ச் உலாவியிலேயே இருக்கும் வசதி, ஆக்சியோஸ் தனியாக இன்ஸ்டால் செய்யும் லைப்ரரி. ஒரு வரியில் முடிக்க வேண்டிய பதில். எனக்குப் பழைய கோபமெல்லாம் கிளம்பிவிட்டது.

ஃபெட்ச் 2015-இலேயே குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் வந்துவிட்டது. ஜேகுவெரி என்ற பழைய லைப்ரரியை விட்டு நான் அதற்கு மாறி ஏழு வருடம் ஆகிறது. பதில் வரும்வரை காத்திருக்க உதவும் பிராமிஸ், அவெய்ட் புராணமெல்லாம் எல்லோருக்கும் தெரியும். என் எரிச்சல் ஒன்றுதான்: இதில் ஜேசன் (தரவை எழுத்துகளாக எழுதும் வடிவம்) அனுப்புவது.

பாடியில், அதாவது கோரிக்கையில் தரவு போகும் இடத்தில், ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டை அப்படியே கொடுத்தால் ஒரு எச்சரிக்கைகூட வராது. '[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]' என்ற வெறும் எழுத்துகளாக மாற்றி சர்வருக்கு அனுப்பிவிடும். சரியென்று ஸ்ட்ரிங்கிஃபை செய்து, அதாவது ஜேசன் எழுத்துகளாக மாற்றிக் கொடுத்தால், தரவின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரில் 'டெக்ஸ்ட்/பிளெயின்' என்று தானாகவே ஒட்டிக்கொள்ளும். சர்வர் பக்கத்தில் ஜேசனைப் படிக்கும் எக்ஸ்பிரஸின் பார்சரோ 'அப்ளிகேஷன்/ஜேசன்' என்று இல்லாததைத் தொட்டுக்கூடப் பார்க்காது.

ஒரு ஆர்டர் பக்கம் செய்தபோது உலாவியின் நெட்வொர்க் டேபில் தரவு முழுதாகத் தெரிந்தது, சர்வரில் பாடி காலி. ராத்திரி 11 மணி வரை சர்வர் எழுதியவரோடு சண்டை போட்டேன். விட்டுப்போனது ஒரு ஹெடர் வரி, விட்டவன் நான். அதைச் சேர்த்ததும் கார்ஸ் பிழை, அதாவது வேறு டொமைனோடு பேச உலாவி போடும் தடை, வந்தது! சர்வர் வேறு டொமைனில் இருந்தது. டெக்ஸ்ட் என்று பொய் சொன்ன வரைக்கும் உலாவி கேள்வி கேட்காமல் அனுப்பியது. ஜேசன் என்று உண்மையைச் சொன்னதும் முதலில் ஆப்ஷன்ஸ் கோரிக்கை விட்டு அனுமதி கேட்டது. அந்த ஹெடரை ஏற்கும் அமைப்பு சர்வரில் இல்லை. இது ஃபெட்ச்சின் தப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று ராத்திரி ஒப்புக்கொள்ளவில்லை.

சர்வர் பிழை என்று 500 வந்தாலும், பிழையைப் பிடிக்கும் கேட்ச் பக்கம் போகாமல் நல்லபிள்ளையாக நிற்பது தனி வயிற்றெரிச்சல். பதிலை ஜேசனாகக் கட்டித்தர ரெஸ்பான்ஸில் ஒரு குறுக்குவழி பிறகு சேர்த்தார்கள். அனுப்புகிறவனுக்கு மட்டும் இன்னும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இத்தனைக்கும் 2022-இல், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் 18-லேயே ஃபெட்ச் வந்தபோது சந்தோஷப்பட்டேன். ஸ்ட்ரிங்கிஃபை, ஹெடர், பதில் சரியா என்று பார்க்கும் ஓகே சோதனை மூன்றையும் வைத்து நான் எழுதிய பன்னிரண்டு வரி ஃபங்ஷன் உலாவியிலும் நோடிலும் ஒரு எழுத்து மாறாமல் ஓடியது. இன்ஸ்டால் செய்ய எதுவும் இல்லை, அப்டேட் தொல்லையும் இல்லை.

நண்பனிடம் ஆக்சியோஸ் போடச் சொன்னேன். அவன் டீமில் இரண்டு பேர் புதியவர்கள். ஆப்ஜெக்டைக் கொடுத்தால் ஹெடரையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

"அப்போ நீ எப்ப மாறப்போற?" என்றான். நான் எதற்கு மாற வேண்டும்?