ஏழு மணி சீரியலை விட்டுவிட்ட வரைவு: ஒரு மாணவியின் கட்டுரைக்கு மதிப்புரை

பாளையங்கோட்டையில் இதழியல் படிக்கும் மாணவி ஒருவர், சிறுவர் தொலைக்காட்சியை முறைப்படுத்துவது பற்றி எழுதிய வரைவு இது. நடை தெளிவாக இருக்கிறது. எடுத்த பேச்சை விட்டு விலகவும் இல்லை. அச்சுக்குப் போக வேண்டிய கட்டுரைதான், ஆனால் இப்போது இருக்கிற வடிவில் போகக் கூடாது.

முதல் பத்தியிலேயே பெரிய பிழை. 'குழந்தைகளுக்கென நம் நாட்டில் தொலைக்காட்சி விதி ஏதும் இல்லை, ஆகவே புதுச் சட்டம் வேண்டும்' என்று தொடங்குகிறார். விதி இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் 1994ஆம் ஆண்டின் விதிகளும்தான் அடிப்படை. (விதி எப்படிச் சட்டத்துக்கு முந்தியது என்று குழம்ப வேண்டாம். 1994இல் அவசரச் சட்டம் வந்தபோதே விதிகளை வகுத்துவிட்டார்கள்.) ஆறாம் விதி நிகழ்ச்சிகளுக்கு, ஏழாம் விதி விளம்பரங்களுக்கு. சிறுவர் நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தையோ அப்பட்டமான வன்முறையோ கூடாது, குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சியைக் காட்டக் கூடாது என்று ஆறாம் விதியே சொல்கிறது. இதைப் படிக்காமல் புதுச் சட்டம் கேட்டால், விவரம் தெரிந்த வாசகர் முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிடுவார்.

அடுத்து நேரக் கணக்கு. 'இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பெரியவர்களுக்கான காட்சிகள் வரலாம்' என்று எழுதியிருக்கிறார். அது பிரிட்டனின் ஏற்பாடு. அங்கே ஒன்பது மணி முதல் அதிகாலை ஐந்தரை வரை அந்த நேரம். இங்கே ஒளிபரப்பாளர் சங்கம் 2011இல் தானே வகுத்துக்கொண்ட நெறிமுறைதான் உண்டு. அதன்படி கட்டுப்பாட்டுக்குரிய காட்சிகளுக்கு இரவு 11 முதல் காலை 5 வரை. ஆறாம் விதியோ கடிகார மணி எதையும் குறிப்பிடவில்லை, 'குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரம்' என்பதோடு நின்றுவிடுகிறது. கட்டுரை பிடிக்க வேண்டிய ஓட்டை இதுதான். அந்த நேரம் எது என்று யார் தீர்மானிப்பது?

இதற்கு விடை நெல்லைச் சீமையிலேயே கிடைக்கும். கட்டுரை முழுக்கக் கார்ட்டூன் சேனல்களையே சுற்றி வருகிறது. மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அம்மாவுக்கு எதிரே டிவி ஓடும். பக்கத்தில் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை அந்தப் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) ஓடுவது சீரியல். நஞ்சு வைப்பதும் கன்னத்தில் அறைவதும் கடத்துவதும் பிள்ளையின் கண்முன்னே நடக்கின்றன. அது சிறுவர் நிகழ்ச்சி அல்ல என்பதால் கட்டுரையின் கணக்கில் வரவே இல்லை. ஆறாம் விதியின் நேரப் பிரிவு இங்கேதான் பொருந்தும். வெளிநாட்டுக்கு ஒதுக்கிய இரண்டு பக்கத்தை நாலு வரியாக்கி, மீதி இடத்தை இந்த ஏழு மணி சீரியலுக்குக் கொடுக்கலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் டிவி விளம்பரத்தை ஸ்வீடன் தடுத்திருப்பதும், அமெரிக்காவில் சிறுவர் நிகழ்ச்சிக்கு வார நாளில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம் என்று விளம்பர வரம்பு இருப்பதும் ஒப்பீட்டுக்குப் போதும்.

மணிக்கு எத்தனை நிமிடம் விளம்பரம் வருகிறது என்று அவர் போட்டிருக்கும் விளம்பர அட்டவணையை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. அரை மணி நேரம் எண்ணி இரண்டால் பெருக்கியிருக்கிறார். இடைவேளைகள் சமமாக விழுவதில்லை. ஒரு பாதியில் கூடுதலாகவும் வரலாம். ஏழாம் விதிப்படி மணிக்கு 12 நிமிடம்தான் உச்சம்: 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். அதனால் 7:00 முதல் 8:00 வரை முழு மணியையும் எண்ணி, இரண்டையும் தனித்தனி நிரலில் எழுத வேண்டும். இரண்டு வார நாள், ஒரு ஞாயிறு என்று மூன்று நாளாவது வேண்டும். தொடங்கிய வினாடி, முடிந்த வினாடி, பொருள் என மூன்றையும் குறிக்க வேண்டும். கைப்பேசியில் ஒலியைப் பதிந்துகொண்டால் பிறகு சரிபார்க்கலாம்.

'சிப்ஸ் விளம்பரத்துக்கு டிவியில் தடை' என்ற வரியும் தவறு. 2022இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரத்தைச் சிறுவர் நிகழ்ச்சியின்போதும், சிறுவருக்கென்றே உள்ள சேனலிலும் மட்டுமே தடுக்கின்றன. ஏழரை மணி சீரியலுக்கு நடுவே அதே பாக்கெட் வரலாம். மறுபடியும் அதே பட்டாசல், அதே பிள்ளை.

புகார் பற்றிய பகுதிதான் வாசகருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது, அதுவே மெலிந்து கிடக்கிறது. 'கேபிள்காரரிடம் சொல்லலாம்' என்றால் பலன் இல்லை. மேலிருந்து வரும் செயற்கைக்கோள் சேனலின் காட்சியை அவர் வெட்ட முடியாது. கேபிள் தொலைக்காட்சி விதிகளுக்கு 2021இல் வந்த திருத்தத்தின்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு. திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு. அதற்கு மேல் மத்திய அரசு. சேனல், தேதி, நேரம், நிகழ்ச்சி, எந்த விதி மீறப்பட்டது ஆகிய ஐந்தும் இல்லாத புகார் முதல் படியிலேயே நின்றுவிடும். மாதிரிக் கடிதம் ஒன்றைப் பெட்டிச் செய்தியாகப் போடலாம். கேபிள்காரரே நடத்தும் உள்ளூர் சேனல் என்றால் கதை வேறு: சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கும் அலுவலர்களில் மாவட்ட ஆட்சியரும் ஒருவர். சங்கரன்கோவிலையும் கடையநல்லூரையும் நெல்லை மாவட்டத்தில் சேர்த்திருப்பதைத் திருத்துங்கள். 2019 முதல் அவை தென்காசி மாவட்டம். அங்குள்ளவர்கள் எழுத வேண்டியது தென்காசி ஆட்சியருக்கு.

செட்டாப் பாக்ஸ் பூட்டு பற்றி ஒரே வரி. அதைப் பத்தியாக விரிக்கலாம். மெனுவில் பெற்றோர் பூட்டைத் திறந்ததும் முதலில் கடவு எண்ணை மாற்ற வேண்டும். 0000, 1234 போன்றவற்றை எட்டு வயதுப் பிள்ளையே போட்டுப் பார்த்துவிடும். சேனலைப் பூட்டிய பின் எண்ணை நேரடியாக அழுத்தியும், மேலும் கீழும் நகர்த்தியும், பெட்டியை அணைத்துப் போட்டும் பூட்டு நிற்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

திரையில் வரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது வருத்தம். பாட்டுப் போட்டியிலும் தொடரிலும் வரும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவெளியில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காவது பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பாக இருக்க வேண்டும் என்று 2017 முதல் விதி உண்டு. படப்பிடிப்புக்கு முன் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் தேவை.

யூடியூப் பகுதியை இதிலிருந்து எடுத்துவிடுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் வயதுத் தரம் ஓடிடி தளங்களுக்கானது. யார் வேண்டுமானாலும் ஏற்றும் காணொளிக்கு அது பொருந்தாது. அதற்குத் தனிக் கட்டுரை எழுதலாம். இந்த வரைவுக்கு முதல் பத்தி, விளம்பர அட்டவணை, புகார்ப் பகுதி மூன்றையும் திருத்தி, சீரியல் நேரத்தைச் சேர்த்து மறுபடி அனுப்பினால் போதும்.