மோசூலைச் சீரமைத்த ஐ.நா. நிதியம்: ஒரு மதிப்புரை

வட ஈராக்கின் மோசூல் நகரம் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்னும் ஆயுத அமைப்பின் பிடியில் இருந்த காலத்திலேயே, 2015 ஜூனில், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஈராக்கில் நிலைப்படுத்தல் நிதியம் ஒன்றைத் தொடங்கியது. ராணுவம் ஓர் ஊரை மீட்டவுடன் அங்கே தண்ணீரும் மின்சாரமும் பள்ளியும் வந்துவிட வேண்டும், இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்பதே அது ஏற்றுக்கொண்ட பொறுப்பு. அதன் அறிக்கைகளையும் அதைப் பற்றிய செய்திகளையும் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற அளவில், இதை ஒரு சேவையாகவே கொண்டு, சொன்னதில் எவ்வளவு நடந்தது என்று பார்க்கிறேன்.

அன்பார், தியாலா, கிர்குக், நினவே, சலாகுத்தீன் ஆகிய ஐந்து மாகாணங்களில், 100 கோடி டாலருக்கும் அதிகமான கொடைப் பணத்தில், 3,000-க்கும் மேற்பட்ட பணிகளை நிதியம் முடித்திருக்கிறது. எதை முதலில் சீரமைப்பது என்பதை உள்ளூர் நிர்வாகம் சொல்லும். ஒப்பந்தம் விடுவதும் பணம் கொடுப்பதும் ஐ.நா. அமைப்பின் கையில் இருக்கும். வேலையைப் பெரும்பாலும் உள்ளூர் ஒப்பந்ததாரர்களே செய்வார்கள். கொடையாளிகளின் பணம் அரசுக் கருவூலத்துக்குள் போகாத இந்த ஏற்பாடுதான் சேவையின் வேகத்துக்குக் காரணம். 2018 பிப்ரவரியில் குவைத்தில் கூடிய மாநாட்டில், மறுகட்டமைப்புக்கு 8,820 கோடி டாலர் வேண்டும் என்று ஈராக் கேட்டது. ஏறத்தாழ 3,000 கோடிக்கு வாக்குறுதி கிடைத்தது. அதிலும் பெரும்பகுதி கடனும் கடன் உத்தரவாதமுமே. அந்தப் பேச்சு ஒரு புறம் நடந்துகொண்டிருக்க, மோசூலில் நீரேற்று நிலையங்களும் மின் நிலையங்களும் ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கிவிட்டன.

வேலை நடந்த சூழலையும் கணக்கில் எடுத்தால்தான் இந்த வேகத்தின் அருமை புரியும். 2016 அக்டோபரில் தொடங்கிய போர் 2017 ஜூலையில் முடிந்தபோது, டைக்ரிஸ் ஆற்றின் மேல் இருந்த ஐந்து பாலங்களும் உடைந்து கிடந்தன; நகரில் ஏறத்தாழ 80 லட்சம் டன் இடிபாடு குவிந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் வாசற்படியிலும் வெடி பொருத்திவிட்டே ஐ.எஸ். படையினர் பின்வாங்கியிருந்தார்கள். வெடி அகற்றும் குழு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, 'பாதுகாப்பானது' என்று சுவரில் சாயத்தால் எழுதிவிட்டுப் போன பிறகே கொத்தனாரும் குழாய் பொருத்துபவரும் உள்ளே நுழைய முடிந்தது.

என் பார்வையில் இச்சேவையின் சிறந்த பணி மோசூல் பல்கலைக்கழக மைய நூலகம். ஐ.எஸ். ஆட்சியிலும் போரிலும் எரிந்துபோன அந்தக் கட்டடத்திலிருந்து, சண்டை ஓய்ந்ததும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சாம்பலுக்கு நடுவே எஞ்சிய புத்தகங்களைச் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஜெர்மனியின் நிதியுதவியுடன் கட்டடம் சீரமைக்கப்பட்டு, 2022-ல் நூலகம் மீண்டும் திறந்தது. மக்கள் தாமாகவே தொடங்கிவிட்ட ஒன்றுக்குப் பணமும் பொறியாளர்களும் பின்னால் வந்து சேர்ந்ததால்தான் இது இவ்வளவு நன்றாக அமைந்தது என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. முடிந்துவிட்டதாகக் கணக்கில் காட்டப்பட்ட சில பணிகளின் தரம் பற்றித் தொடக்க ஆண்டுகளிலேயே கேள்வி எழுந்தது. ஒப்பந்தத் தொகையில் 15 சதவீதம் வரை நிதிய ஊழியர்கள் சிலர் கையூட்டு கேட்டதாக, 2024 ஜனவரியில் 'த கார்டியன்' நாளேடு செய்தி வெளியிட்டது. ஊழலைச் சற்றும் சகிப்பதில்லை என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பதில். கருவூலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் கையூட்டையும் தாண்டிப் போய்விடலாம் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய சேவைக்கு இது சிறிய குற்றச்சாட்டு அல்ல.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. இடிந்த வீட்டுக்கு ஈராக்கியர் இழப்பீடு கேட்க, 2009-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் சட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பாதுகாப்புத் துறையின் சான்று வேண்டும். மகனோ கணவனோ ஐ.எஸ்-ஸில் சேர்ந்தவன் என்று பெயர் எழுதப்பட்ட குடும்பத்துக்கு அந்தச் சான்று எளிதில் கிடைக்காது. ஐ.எஸ். ஆட்சியில் பிறந்த குழந்தைக்கு அந்த அமைப்பு கொடுத்த பிறப்புச் சான்று செல்லாது. செல்லுபடியாகும் சான்று இல்லாவிட்டால் பள்ளியில் சேர்ப்பதும் பெரும்பாடு. அதாவது, பள்ளிக் கட்டடம் நிதியத்தின் பணத்தில் எழுந்து நிற்கும். அதில் சேர வேண்டிய பிள்ளை பதிவேட்டில் இருக்காது. இத்தகைய குடும்பங்கள் ஊர் திரும்ப, பழங்குடித் தலைவர்களையும் அதிகாரிகளையும் உட்காரவைத்துப் பேசிய உள்ளூர் அமைதிக் குழுக்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் துணைநின்றது; அது பாராட்டுக்குரியது. எனினும் குழு பேசி முடித்த பிறகும் சான்று அரசு அலுவலகத்தின் மேசையிலிருந்துதான் வர வேண்டும். அந்த மேசை நிதியத்தின் பொறுப்புக்கு வெளியே இருந்தது.

கொல்லப்பட்டவர்களைக் கண்டறியும் விசாரணையும் நிதியத்தின் பொறுப்புக்கு வெளியேதான் இருந்தது. 2014-ல் மோசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை, மோசூலுக்குப் பக்கத்திலுள்ள பாதூஷ் அருகே புதைகுழியைத் தோண்டி டி.என்.ஏ. சோதனை செய்த பிறகு, 2018-ல்தான் இந்திய அரசால் உறுதி செய்ய முடிந்தது. நான்கு ஆண்டுகள் ஆனாலும் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு விடை கிடைத்தது. அதே ஆண்டு ஐ.நா. வெளியிட்ட அறிக்கை, ஐ.எஸ். விட்டுச்சென்ற 202 கூட்டுப் புதைகுழிகளைக் கணக்கிட்டது; அவற்றில் கிடப்பவர்களின் உறவினர்களான ஈராக்கியர் பலருக்கு அந்த விடைகூட இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், தண்ணீர், மின்சாரம், பள்ளிப் பணிகளுக்கு நான்கு தருவேன். ஊர் நிலைபெறுவதற்கு இரண்டுக்கு மேல் தர மாட்டேன். இந்த இரண்டாவது மதிப்பெண்ணுக்குச் சான்று சிஞ்சார். 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். இனப்படுகொலைக்கு ஆளான யாசிதி என்னும் சிறுபான்மைச் சமய மக்களின் ஊர் அது; நினவே மாகாணத்தில் இருக்கிறது. உள்ளூர் மக்களிலிருந்து 2,500 பேர் கொண்ட பாதுகாப்புப் படை அமைப்பதாக பாக்தாத்தில் உள்ள ஈராக் அரசும் எர்பிலில் உள்ள குர்திஸ்தான் பிராந்திய அரசும் 2020 அக்டோபரில் கையெழுத்திட்டன. ஒப்பந்தத்தின் பெரும்பகுதி காகிதத்திலேயே தங்கிவிட்டது. வெவ்வேறு ஆயுதக் குழுக்கள் அங்கே நிலைகொண்டிருக்க, முகாமை விட்டு ஊர் திரும்பும் குடும்பத்துக்கு 40 லட்சம் தினார் தருவதாக அறிவித்த ஈராக் அரசு, முகாம்களை மூட 2024 ஜூலை 30-ஐக் கெடுவாக வைத்தது. கெடு கடந்த பிறகும் பல்லாயிரம் பேர் குர்திஸ்தான் பிராந்தியத்தின் தோஹுக் மாகாண முகாம்களிலேயே இருந்தார்கள்.