டெல்டா வீட்டுக்கு எந்த பெட்ஷீட்? கடையில் கிடைக்கும் வகைகளும் அவற்றின் யோக்கியதையும்

கும்பகோணம் டி.எஸ்.ஆர். பெரிய தெருவானாலும் மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவானாலும் சரி, "டபுள் காட் பெட்ஷீட் காட்டுங்க" என்றால் முதலில் மேஜையில் வந்து விழுவது பெரிய பெரிய பூப்போட்டு, தொட்டால் வெண்ணெய்போல வழுக்கும் ஒரு செட். "கிளேஸ் காட்டன் சார், சாயம் போகாது, சுருங்காது" என்பார்கள். இரண்டும் உண்மை. காட்டன் என்பது மட்டும் பெரும்பாலும் பொய். அது மைக்ரோஃபைபர், அதாவது மெல்லிய பாலியஸ்டர். சாயம் போகாததும் சுருங்காததும் அதனால்தான்.

காவிரி டெல்டாவில் ஒரு விரிப்பு பிழைக்க வேண்டிய சோதனைகள் மூன்று: சித்திரை, வைகாசியின் வியர்வை, ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை, வருஷம் முழுக்கத் தலையிலிருந்து இறங்கும் எண்ணெய். வியர்வையை உறிஞ்ச வேண்டும், மழைநாளில் ஃபேன் காற்றிலேயே காய வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு போகச் சுடுதண்ணீரில் ஊறினாலும் தாங்க வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் த்ரெட் கவுண்ட், அதாவது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை இழை என்ற எண், இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாது.

எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடலாம். தினப் புழக்கத்துக்கு நூறு சதவீதப் பருத்தி, 40-ஆம் நம்பர் ஒற்றை நூல் (நம்பர் ஏற ஏற நூல் மெலிசு), ஒன்று மேலே ஒன்று கீழே போகும் சாதா நெசவு, 120 முதல் 140 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி அத்தனை கிராம். கரூரிலிருந்து வரும் மில் துணி விரிப்புகளில் இது தாராளமாகக் கிடைக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் சேர்த்து ஒரு சதுர அங்குலத்தில் 180 முதல் 220 இழை இருந்தால் போதும். அதற்குமேல் போகப் போக நெசவு நெருங்கும், காற்று குறையும், காய நேரம் பிடிக்கும்.

பின்னே 600, 1000 என்று அட்டையில் போடுகிறார்களே? இரண்டு மூன்று மெல்லிய புரிகளை முறுக்கி ஓர் இழையாக நெய்துவிட்டு, எண்ணும்போது ஒவ்வொரு புரியையும் தனி இழையாகக் கணக்கில் ஏற்றுகிறார்கள். 300 இழைத் துணி மூன்று புரி நூலால் 900 ஆகிவிடுகிறது. 400-ஐத் தாண்டிய எண்ணைப் பார்த்தால் விலையைக் கேட்காமலே அடுத்ததை எடுக்கச் சொல்லலாம்.

எண்ணைவிட நம்பகமானது தராசு. 90-க்கு 100 அங்குல விரிப்பு ஏறக்குறைய 5.8 சதுர மீட்டர். 125 ஜிஎஸ்எம் துணியானால் தலையணை உறை நீங்கலாக விரிப்பு மட்டும் 725 கிராம் வர வேண்டும். முக்கால் கிலோவை ஒட்டி நின்றால் சரி. 500 கிராமில் நின்றால் துணி மெலிசு, அல்லது மைக்ரோஃபைபர். எடை பார்க்கச் சொன்னால் கடைப்பையன் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும்.

எடையிலும் ஏமாற்ற வழி உண்டு. மெலிந்த துணிக்குக் கஞ்சியும் மாவும் ஏற்றி விறைப்பாக்கிவிடுவார்கள். கறுப்புத் துணி ஒன்றின்மேல் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் கசக்கித் தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிரும். உதிர்ந்தால், முதல் துவைப்பில் அந்த எடை சாக்கடைக்குப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இழை அங்கங்கே அடர்ந்தும் அங்கங்கே விலகியும் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் விலகிய இடம்தான் முதலில் கிழியும். விரல் நகத்தால் இழையை ஒருபக்கமாகத் தள்ளிப் பார்த்தால் விலகிப்போய் அப்படியே நின்றுவிடுகிற துணி நெருக்கம் போதாத துணி.

பருத்தியா பாலியஸ்டரா என்று நாமே தெரிந்துகொள்ள நல்ல வழி நெருப்பு. பாவிலிருந்து ஒரு நூல், ஊடையிலிருந்து ஒரு நூல் உருவித் தனித்தனியாகக் கொளுத்த வேண்டும். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு, உருகி, நெருடினால் உடையாத கறுப்பு மணியாக நிற்கும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு. இரண்டு பக்கமும் சோதிக்கச் சொல்வது, பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றுமாக நெய்வதும் உண்டு என்பதால். கடைக்குள் தீக்குச்சி கிழிக்க முடியாது. ஓரத்துப் பிசிறில் இரண்டு நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து பார்க்கலாம்.

மைக்ரோஃபைபரை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். வாடகை அறை, எப்போதாவது வரும் விருந்தாளிக்கான கட்டில், மழைக்காலத்தில் அவசரத்துக்கு ஒன்று. இவற்றுக்கெல்லாம் சரிதான், காய்வதில் அதை எதுவும் மிஞ்ச முடியாது. ஆனால் வியர்வையை உள்ளே இழுக்காது. மே மாதம் கரண்ட் போன ராத்திரியில் முதுகுக்கும் துணிக்கும் நடுவே தண்ணீர் நிற்கிற மாதிரி இருக்கும். சில மாதம் கழித்து இடுப்பு படுகிற இடத்தில் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். பருத்தியிலும் பிசிறு வரும், ஆனால் நூல் பலவீனமானதால் துவைக்கையில் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை அறுபடாது, அதனால் உருண்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். எண்ணெய்க் கறையும் இதில் பிடித்தால் பிடித்ததுதான்.

சாட்டின் நெசவு, பளபளவென்று ஓட்டல் படுக்கை மாதிரி இருப்பது, ஏசி அறைக்கு மட்டும். நாலு இழைக்கு மேலே தாவி ஒன்றுக்குக் கீழே போகிற நெசவு அது. அந்த நீண்ட தாவல்தான் பளபளப்பு. கொலுசும் மெட்டியும் மாட்டி இழுப்பதும் அதே தாவலில்தான்.

சென்னிமலைப் பெட்ஷீட்டுக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோ-ஆப்டெக்ஸிலும் கைத்தறிக் கண்காட்சிகளிலும் கிடைப்பது, பருமனான நூல், சாயம் ஏற்றிய நூலிலேயே கட்டமும் கோடும் போட்டது. இதன் ஆயுளுக்கு மில் துணி பக்கத்தில் வர முடியாது. நிறம் நூலுக்குள்ளேயே இருப்பதால் தேய்ந்தாலும் வெளுத்த திட்டு தெரியாது. முன்பக்கம் பின்பக்கம் என்று பேதம் கிடையாது, திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். குறை என்னவென்றால் கனம். இரட்டை விரிப்பு ஒன்றரை கிலோவை எட்டும். நனைந்தால் தூக்கிப் பிழிய இரண்டு பேர் வேண்டும். கார்த்திகையில் துவைத்தால் இரண்டு நாளானாலும் மடிப்புக்குள் ஈரம் நிற்கும், கரும்புள்ளி விழும். ஆகவே இதை மார்கழிப் பனிக்குப் போர்வையாகவும், கோடையில் மாடியில் விரிக்கவும் வைத்துக்கொண்டு, மெத்தைமேல் தினமும் போட மில் துணியை வாங்குங்கள். கைத்தறி வாங்குவதானால் கைத்தறி முத்திரை இருக்கிறதா பாருங்கள். தீபாவளியை ஒட்டி கோ-ஆப்டெக்ஸில் தரும் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குவதிலும் தப்பில்லை. கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் நடக்கும் "கைத்தறி" விற்பனையில் முத்திரையும் இல்லாமல் பில்லும் இல்லாமல் கொடுத்தால் அது விசைத்தறி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கரூர் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று குவித்துப் போட்டு விற்பதில் நிஜமாகவே நல்ல சரக்கு வரும். பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும். அச்சு நகர்ந்திருப்பது, எண்ணெய்ப் பொட்டு, ஓரத்தில் சாயத் திட்டு, இவையெல்லாம் இருந்தால் பரவாயில்லை. ஆனால் நடுவில் ஓர் ஊடை விட்டுப்போய் கோடாகத் தெரிந்தால் அங்கேதான் நீளமாகக் கிழியும், வேண்டாம். அளவு சென்டிமீட்டரில் இருக்கும், 2.54-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் இரண்டு மடிப்பாகத் தைத்து ஒரு பக்கம் பட்டன் வைத்த பெரிய பை மாதிரி ஒன்று வரும். அது வெளிநாட்டு ரஜாய் உறை. 220-க்கு 240 என்றால் விட வேண்டாம். ஓரத் தையலைப் பிரித்தால் சுமார் 86-க்கு 94 அங்குலத்தில் இரண்டு விரிப்பு கிடைக்கும். நாலு அங்குல மெத்தைக்கு அழகாகப் பொருந்தும்.

அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 90-க்கு 100 என்ற அளவு வந்த காலத்தில் மெத்தை என்றால் நாலு அங்குல இலவம்பஞ்சு. இப்போது ஸ்பிரிங் மெத்தை ஆறு, எட்டு அங்குலம் வருகிறது. 78-க்கு 60, ஆறு அங்குல உயரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நீளத்தில் 78, இரண்டு பக்க உயரம் 12, ஆக 90. விரிப்பு 100 என்றால் அடியில் செருகப் பக்கத்துக்கு ஐந்து அங்குலம் மிச்சம். பருத்தி ஐந்து சதவீதம் சுருங்கினால் 100 அங்குலம் 95 ஆகும், செருகுவதற்கு இரண்டரைதான். படுத்துப் புரண்டால் காலையில் விரிப்பு நடுக்கட்டிலில் கயிறாகக் கிடக்கும். ஆறு அங்குலமோ அதற்கு மேலோ உள்ள மெத்தைக்கு 108-க்கு 108 வாங்குங்கள். எலாஸ்டிக் வைத்தது வேண்டுமென்றால் சுற்றிலும் நாலு பக்கமும் எலாஸ்டிக் ஓடுகிறதா பாருங்கள். மூலைக்கு மட்டும் வைத்தது மூலையிலேயே தெறிக்கும். அதைவிட, எலாஸ்டிக் பருத்திக்கு முன்னால் செத்துவிடும் என்பதால் சாதா விரிப்பே எங்கள் கட்சி.

சாயத்துக்கு ஈரக் கைக்குட்டைச் சோதனை போதும். வெள்ளைத் துணியை நனைத்து, கறுஞ்சிவப்பு அல்லது கருநீலம் உள்ள இடத்தில் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். லேசான சாயல் ஒட்டினால் உபரிச் சாயம், இரண்டு மூன்று அலசலில் போய்விடும். பளிச்சென்று ஒட்டினால் விட்டுவிடுங்கள். அச்சிட்ட இடம் மட்டும் தொட்டால் சொரசொரவென்று இருந்தால் பிக்மென்ட் அச்சு. பசையால் மேலே ஒட்டியிருக்கும் நிறம் அது, தலையும் தோளும் உராயும் இடத்தில் ஒரு வருஷத்துக்குள் வெளுக்கும். ரியாக்டிவ் அச்சில் சாயம் நூலோடு வேதிவினையாகச் சேர்ந்துவிடும், அச்சிட்ட இடமும் இடாத இடமும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது இங்கே வீட்டுக்கு வீடு சொல்கிற வைத்தியம். ஒட்டாத சாயத்தை உப்பு ஒட்டவைக்காது. பச்சைத் தண்ணீரில் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி.

தண்ணீர் இன்னொரு தலைவலி. நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. கட்டி சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் திரிதிரியாகப் படியும், வெள்ளை விரிப்பு நாலே மாதத்தில் சாம்பலாகும். அங்கே பவுடரோ லிக்விடோதான் சரி. கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. பிடித்து வைத்தால் மஞ்சளாகிற இரும்புத் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் போடவே கூடாது. கரைந்திருக்கும் இரும்பு துருவாக மாறித் துணியிலேயே படியும். ராத்திரியே பிடித்துவைத்து, தெளிந்ததை மட்டும் காலையில் மொண்டெடுத்துத் துவைக்க வேண்டும்.

துவைத்தபின் ஒரே கொடியில் இரண்டாக மடித்துப் போடாமல் ஒரு முழம் இடைவெளிவிட்ட இரண்டு கொடியில் பந்தல் மாதிரி போட்டால் நடுவே காற்று ஓடும், மழைநாளில் இதுவே பாதி வேலை. வெயிலில் அச்சுப் பக்கம் உள்ளே இருக்கட்டும். எடுத்து வைக்கிற துணிக்குக் கஞ்சி வேண்டாம். பீரோவில் வெள்ளிப்பூச்சி தேடி வருவது அந்தக் கஞ்சிக்குத்தான்.

செட்டோடு வரும் தலையணை உறையை மறக்காமல் பிரித்துப் பாருங்கள். விரிப்புக்கு நல்ல துணியைப் போட்டுவிட்டு உறையில் மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. 18-க்கு 28 அங்குலம், வாய்ப்பக்கம் உள்ளே மடியும் பட்டி ஆறு அங்குலமாவது, தையல் அங்குலத்துக்குப் பத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணை புடைப்பாக இருக்கும், சுருங்கிய உறைக்குள் திணித்தால் தையல்தான் முதலில் விடும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய உறைக்குப் பத்து லிட்டர் சுடுதண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி சலவைச் சோடா, அரைமணி ஊறல். மாசக்கணக்கில் விட்டால் எண்ணெய் காற்றுப்பட்டுக் காறி மஞ்சளாக இறுகிவிடும், அப்புறம் சோடாவுக்கும் அசையாது. அதனால் விரிப்பு ஒன்றுக்கு உறை நாலாக வாங்கிக்கொண்டு, விரிப்பை வாரம் ஒருமுறை மாற்றினால் உறையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.