பாரடைஸ் லாஸ்ட்: கறுப்புச் சட்டையே சாட்சியான வழக்கு

ஜோ பெர்லிங்கர், புரூஸ் சினோஃப்ஸ்கி ஆகிய இருவரும் எச்.பி.ஓ. நிறுவனத்துக்காக இயக்கிய ‘பாரடைஸ் லாஸ்ட்’ ஆவணப்பட வரிசையில் மூன்று பாகங்கள் உள்ளன. 1996, 2000, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அம்மூன்றையும் மயிலாடுதுறையில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்தோம். முதல் பாகத்தை அவசியம் பார்க்க வேண்டும். மூன்றாம் பாகத்தையும் பார்க்கலாம். இரண்டாம் பாகத்தைச் சற்று எச்சரிக்கையுடன்தான் அணுக வேண்டும்.

1993 மே 5 அன்று, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள வெஸ்ட் மெம்ஃபிஸ் என்ற ஊரில், எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் காணாமல் போயினர். மறுநாள் அவர்களுடைய உடல்கள் அருகிலிருந்த காட்டின் ஓடையில் கிடைத்தன. ஒரு மாதத்துக்குள் டேமியன் எக்கோல்ஸ், ஜேசன் பால்ட்வின், ஜெஸ்ஸி மிஸ்கெல்லி என்ற மூன்று இளைஞர்கள் கைதாயினர். மூவரில் மூத்தவருக்கு வயது 18. அறிவுத்திறன் குறைந்த மிஸ்கெல்லியைக் காவலர்கள் பல மணி நேரம் விசாரித்தனர். அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே ஒலிநாடாவில் பதிவு செய்தனர். பதிவான வாக்குமூலத்திலோ, சிறுவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தையே அவர் முதலில் கொலை நடந்த நேரமாகச் சொல்கிறார். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும், காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று ஏன் தடுக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எக்கோல்ஸ் எப்போதும் கறுப்பு உடை அணிந்தார், மெட்டாலிகா இசைக்குழுவின் பாடல்களைக் கேட்டார், ஸ்டீபன் கிங்கின் நாவல்களைப் படித்தார், இயற்கையைப் போற்றும் விக்கா என்ற வழிபாட்டில் ஈடுபாடு காட்டினார். (நம் பக்கத்தில் ஒருவர் கறுப்புச் சட்டையோடு வந்தால் பெரியார் தொண்டர் என்போம், கார்த்திகை மாதமானால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் என்போம், அந்த ஊர் சாத்தானைக் கண்டது.) கொலைகளைச் சாத்தானுக்கான பலி என்று வாதிட்ட அரசுத் தரப்பு ஒரு ‘நிபுணரை’ அழைத்து, கறுப்பு உடையும் கறுப்பு நகப்பூச்சும் சாத்தான் வழிபாட்டின் அடையாளங்கள் என்று சொல்ல வைக்கிறது. முனைவர் பட்டத்துக்காக எந்த வகுப்புகளில் உட்கார்ந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும்போது, அது அஞ்சல் வழியில் பெற்ற பட்டம் என்பது வெளிப்படுகிறது. அதற்குப் பிறகும் அந்தச் சாட்சியம் செல்லுபடியாகிறது.

கோவலனும் நம் பூம்புகாரிலிருந்து மதுரைக்குப் போன வெளியூர்க்காரன்தான். அவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலன் ஒருவன் தயங்கும்போது, மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் பொற்கொல்லன் அடுக்குகிறான். களவு நூலில் அவன் காட்டும் அந்தப் புலமையை நீதிமன்றத்து நிபுணரின் குரலில் நான் மீண்டும் கேட்டேன். எக்கோல்ஸுக்கு மரண தண்டனையும் மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனையும் 1994இல் விதிக்கப்பட்டன.

முதல் பாகத்தின் சிறப்பு, பின்னணிக் குரல் எதுவும் இல்லாமல், நீதிமன்றத்துக்குள்ளும் வழக்கறிஞர்களின் ஆலோசனை அறைக்குள்ளும் இரு தரப்புக் குடும்பங்களின் வீடுகளுக்குள்ளும் கேமரா சென்றிருப்பதுதான். பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தையர் இருவர், குற்றவாளிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே பூசணிக்காய்களைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். அந்தக் கோபத்தைப் படம் கேலி செய்யவில்லை.

அவ்விருவரில் ஒருவர், இறந்த சிறுவனின் வளர்ப்புத் தந்தை, இரண்டாம் பாகத்தில் என்ன ஆகிறார் என்பதில்தான் எனக்கு மனவருத்தம். உரத்த குரலும் வேதாகம மொழியும் கொண்ட அவர், கொலை நடந்த இடத்தில் தண்டனை பெற்ற மூவருக்கும் பொய்க் கல்லறை அமைத்துத் தீ மூட்டுகிறார். படப்பிடிப்புக் குழுவுக்கு அவர் பரிசளித்த கத்தியில் இரத்தக்கறை இருந்ததையும், இயக்குநர்கள் அதைக் காவல்துறையிடம் ஒப்படைத்ததையும் முதல் பாகமே காட்டியிருந்தது. இரண்டாம் பாகமோ, அவருடைய விசித்திர நடத்தையையே சான்றாக்கி, பார்வையாளரின் சந்தேகத்தை அவர் பக்கம் திருப்புகிறது. எக்கோல்ஸுக்கு அந்த ஊர் இழைத்ததை இந்தப் படம் அவருக்கு இழைக்கிறது. மூன்றாம் பாகத்தில் அதே மனிதர் மூவரும் நிரபராதிகள் என்று கேமராவின் முன் சொல்கிறார். இயக்குநர்கள் தம் பழைய சந்தேகத்துக்கு நேராகப் பொறுப்பேற்றிருந்தால் அந்தக் காட்சி இன்னும் கனம் பெற்றிருக்கும். போதாக்குறைக்கு, இம்முறை விரல் வேறொருவர் பக்கம் நீள்கிறது.

இது தொலைதூரத்து மூடத்தனம் என்று ஒதுக்க முடியவில்லை. டெல்டாவில் இப்போது மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் பல இடங்களில் நடவு நடுகிறார்கள். மோட்டார் கொட்டகையில் செப்புக்கம்பி காணாமல் போனால் முதலில் யாருடைய தங்குமிடத்துக்குப் போய் நிற்கிறோம் என்பது நமக்குத் தெரியும். 2018இல் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தமிழ்நாட்டில் வெளியூர் ஆட்களை அடித்தே கொன்றார்கள்.

2007இல் வெளியான மரபணுச் சோதனை முடிவுகள் எவையும் மூவரோடும் பொருந்தவில்லை. ஆயினும், 2011 ஆகஸ்ட் 19 அன்று, தாம் நிரபராதிகள் என்று சொல்லிக்கொண்டே, அரசிடம் போதிய சான்று உண்டென ஏற்கும் ‘ஆல்ஃபோர்டு’ முறையில் குற்ற ஒப்புதல் மனுச் செய்துதான் அவர்கள் விடுதலையாயினர்; சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்றும் குற்றவாளிகளே. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த இந்த அரைகுறை நீதியின் கசப்பை மூன்றாம் பாகம் நன்றாகப் பதிவு செய்திருக்கிறது.

முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே சிறுவர்களின் உடல்களைக் காட்டும் காவல்துறைக் காணொளி வருவதால், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சு நம் காதுக்கு எளிதில் பிடிபடாது. ஆங்கில எழுத்துகளை ஓடவிட்டே பாருங்கள்.