பெங்களூரில் நெட்டில் வக்கீல் தேடுகிறவர்கள் கவனத்துக்கு: என் 45,000 ரூபாய் போச்சு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு வக்கீல் என்னிடம் 45,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கேஸே போடாமல் நாமம் சாத்திவிட்டார். நீங்கள் எப்படித் தப்பிக்கலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அல்சூரில் வீட்டைக் காலி செய்தபோது ஓனர் அட்வான்ஸ் 1,60,000 ரூபாயை செக்காகக் கொடுத்தார். கணக்கில் பணம் இல்லை என்று பேங்க் திருப்பிவிட்டது. இதில் கெடு முக்கியம். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் 138 கேஸ், அதாவது செக் திரும்பியதற்கான கேஸ், போட வேண்டும். அவசரமாகத் தேடியபோது கிடைத்தது, வக்கீல்களுக்கு ஸ்டார் போட்டு வரிசைப்படுத்தும் ஒரு தளம். மொழியில் தமிழைத் தட்டியதும் முதலில் வந்தவர் இவர்தான். பக்கத்தில் பச்சை டிக் வேறு.

சிவாஜிநகரில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். "சொந்த ஊர் எதுங்க?" என்றார். ஆம்பூர் என்றேன். "அட, நமக்கு வாணியம்பாடி! நம்ம ஊர்க்காரர் காசை விட்டுடுவேனா?" ஒரிஜினல் செக்கையும் பேங்க் மெமோவையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து, நீல ஃபைலில் செருகி, அட்டை மேல் என் பெயரைத் தமிழில் எழுதினார். இந்த ஊரில் எந்த ஆபீஸிலும் என் பெயரைத் தமிழில் பார்த்ததில்லை. அங்கேயே 45,000 ரூபாயை, அவர் சொன்னபடி அவர் மனைவி நம்பருக்கு ஜிபே செய்தேன். ரசீது "அப்புறம் தர்றேன்". செக் பணம் வந்ததும் அதில் பத்து பர்சன்ட் தனியாம். கிடைப்பதில் பங்கு என்று ஃபீஸ் பேசுவதையே, வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன!

நோட்டீஸ் மட்டும் போனது. பிறகு எப்போது கேட்டாலும் "ஃபைல் பண்ணியாச்சு, மேயோ ஹால் கோர்ட்ல நம்பர் ஆகணும்". அடுத்து ஜட்ஜ் லீவு. அடுத்து ஸ்டாஃப் ஷார்ட்டேஜ். அப்புறம் ஜூனியர் போனை எடுத்து "சார் ஆர்க்யுமென்ட்ல இருக்கார்" என்பார், ராத்திரி எட்டு மணிக்கு! கோர்ட் கேஸ் விவரம் பார்க்கும் ஈகோர்ட்ஸ் ஆப்பில் என் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் இல்லை. மேயோ ஹாலுக்கே போய் விசாரித்தேன். அப்படி ஒரு கேஸே வரவில்லை. கெடு முடிந்துபோயிருந்தது.

ஃபைலையாவது கொடுங்கள் என்றால், "பாக்கி ஃபீஸ் 20,000 கட்டிட்டு வாங்கிக்குங்க." என்ன பாக்கி? ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் ஃபைலைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2000-லேயே சொல்லிவிட்டது. அதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

தளத்துக்காரர்கள் இன்னும் மேல். "நாங்கள் இணைப்பு மட்டுமே தருகிறோம்." அடுத்த நிமிஷமே, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று மெசேஜ். வக்கீல்கள் இப்படி விளம்பரம் செய்யவே கூடாது. இந்த மாதிரித் தளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்திருக்கிறது. இவர்கள் பாட்டுக்கு ஸ்டார் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே வழியில்லை. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆம் பிரிவில் கர்நாடக பார் கவுன்சிலுக்குப் புகார். எழுதிக்கொண்டிருக்கிறேன். 138-க்குத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாமாம். அதற்கும் அந்த ஒரிஜினல் செக் வேண்டும். அது அவர் மேஜையில் இருக்கிறது, என் 45,000 ரூபாய் அவர் வீட்டில் இருக்கிறது.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. ஒரிஜினலைக் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். பணத்துக்கு ரசீது, அவர் பெயரிலேயே. கேஸ் போட்டாச்சு என்றால், கோர்ட் ஒவ்வொரு கேஸுக்கும் தரும் 16 இலக்க சிஎன்ஆர் நம்பர் கேளுங்கள். நம்பர் இல்லையென்றால் கேஸும் இல்லை.

பெங்களூரில் பார் கவுன்சில் புகார் எழுதிப் பழக்கமுள்ளவர் யாரையாவது தெரிந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.