மதுரையில வீட்டுக்கு நர்ஸ் வைக்கப் போறீங்களா? 18,500 ரூபா போச்சு, அப்பா ஆக்சிஜன்ல இருக்காரு

பக்கவாதத்துல விழுங்க முடியாமப் போன அப்பாவுக்கு மூக்கு வழியா இரைப்பைக்குக் கஞ்சி விடுற ரைல்ஸ் ட்யூப். வீட்டுக்கு நர்ஸ் அனுப்புற ஒரு ஏஜென்சியில 18,500 ரூபா முன்பணம் கட்டினோம். "ட்யூப் ஃபீடிங்ல அஞ்சு வருச அனுபவம்க்கா, நிம்மதியாத் தூங்குங்க"ன்னாங்க. வந்த பொண்ணு வாசல்லயே சோப்புப் போட்டுக் கை கழுவுச்சு. அதைப் பாத்து முழுசா நம்பிட்டோம்.

மூணாம் நாள் பிளாஸ்திரி வேர்வையில விட்டு, ட்யூப்ல மூக்கு ஓரத்துல இருக்க வேண்டிய பேனாக் குறி நாலு விரக்கடை வெளிய வந்து கிடந்திருக்கு. குறி நகந்துச்சுன்னா ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது. ட்யூப் நுனி இரைப்பையை விட்டு மேல ஏறியிருக்கலாம். அந்தப் பொண்ணு அப்படியே உள்ள தள்ளி, காத்தடிச்சு வயித்துல சத்தம் கேட்டுட்டு, கேழ்வரகுக் கஞ்சி 250 மில்லியை ஆளைப் படுக்க வச்சபடியே சிரிஞ்சை அமுக்கி ரெண்டு நிமிசத்துல ஏத்திருச்சு.

நுனி நுரையீரல்ல இருந்தாலும் அந்தச் சத்தம் கேக்கும்! நுனி இரைப்பையிலதான் இருக்கான்னு பாக்க, ட்யூப்லருந்து உறிஞ்சி எடுத்த நீர், அமிலத்தன்மை காட்டுற பிஎச் தாள்ல 5.5 அல்லது அதுக்குக் கீழ காட்டணும். நீர் வரலைன்னாலோ, மேல காட்டுனாலோ எக்ஸ்ரேதான். அந்தப் பொண்ணு, "இருமலையே, அப்ப சரியாத்தான போகுது"ன்னுச்சாம். பக்கவாதத்துல தொண்டை மரத்துப் போயிருந்தா, கஞ்சி நுரையீரலுக்குள்ள இறங்குனாலும் இருமல் வராது.

சாயங்காலமே காய்ச்சல், மூச்சுல களகளன்னு சத்தம். பெரியாஸ்பத்திரியில ஆஸ்பிரேஷன் நிமோனியா, அதாவது கஞ்சி நுரையீரலுக்குள்ள போய் வந்த நிமோனியான்னாங்க.

ஏஜென்சிக்கு அடிச்சா, "மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு." மறுநாள், "வயசானவங்களுக்குச் சளி கட்டுறது சகஜம்தானம்மா." நேர்ல போனா, "அட்வான்ஸ் திரும்ப வராது, ரசீதுக்குப் பின்னாடி போட்டிருக்கே." மூணு நாள் வேலைக்கு 18,500! ரசீதுல அந்தப் பொண்ணு பேர்கூட இல்ல. நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேட்டதுக்கு போனை வச்சுட்டாங்க. இப்ப நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க.

ஆஸ்பத்திரிக்கு ஓடணும், வேகமாச் சொல்லிடுறேன். பதிவு எண் வாங்காமப் பணம் கட்டாதீங்க. முதல் ஃபீடு உங்க கண்ணு முன்னாடி நடக்கட்டும்: தலைமாடு 30லருந்து 45 டிகிரி, சிரிஞ்சை அமுக்குற பிஸ்டனைக் கழட்டிட்டுத் தானா இறங்க விடணும், 250 மில்லிக்கு இருபது நிமிசமாவது ஆகணும். முன்னாடியும் பின்னாடியும் 30 மில்லி தண்ணி. முடிஞ்சும் ஒரு மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் பேனாக் குறியை நீங்களே பாருங்க.