ஜேஎஸ்எஃப் பக்க நகர்வு: எக்ஸ்எம்எல் விதியா, நேரடிப் பெயரா?

ஜாவாவில் வலைப் பக்கங்களை உருவாக்க உதவும் கட்டமைப்பான ஜேஎஸ்எஃப்-இல் ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்து எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை ஃபேசஸ்-கான்ஃபிக் எக்ஸ்எம்எல் கோப்பில் நேவிகேஷன் ரூலாக, அதாவது பக்க நகர்வு விதியாக எழுதலாம். 2009-இல் 2.0 பதிப்பு வந்த பிறகு, ஆக்‌ஷன் மெத்தடிலிருந்து (பட்டனை அழுத்தும்போது ஓடும் நிரல் பகுதி) பக்கத்தின் பெயரையே ரிட்டர்ன் செய்தாலும் போதும். எங்கள் பில்லிங் அப்ளிகேஷனை இரண்டாவது வழிக்கு மாற்றினோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேகத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எழுத வேண்டிய வரிகள் குறையும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது பராமரிப்பு. முன்பெல்லாம் சேவ் பட்டன் எங்கே போகிறது என்று பார்க்க, அந்த மெத்தட் இருக்கும் ஜாவா கிளாஸான பீனைத் திறந்தால் ‘சக்சஸ்’ என்று மட்டும் இருக்கும். அதே ‘சக்சஸ்’ வேறு பல மெத்தடுகளிலிருந்தும் வரும். எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது, எந்த ஆக்‌ஷன் என்று எக்ஸ்எம்எல்-இல் தேடிப் பொருத்தினால்தான் விடை கிடைக்கும். பக்கத்தையே நீக்கிய பிறகும் அதன் விதி அங்கேயே கிடக்கும், தொட்டால் எது உடையுமோ என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். இப்போது மெத்தடின் கடைசி வரியைப் படித்தாலே போதும்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ்எம்எல்-இல் பொருந்தும் விதி மிச்சமிருந்தால் முதலில் அதுதான் செல்லுபடியாகும். பக்கப் பெயரோடு ‘?ஃபேசஸ்-ரீடைரக்ட்=ட்ரூ’ என்று சேர்ப்பதும் அவசியம். இல்லாவிட்டால் சர்வர் உள்ளுக்குள்ளேயே ஃபார்வர்ட் செய்யும். பக்கம் மாறியும் பிரவுசரில் பழைய யூஆர்எல்லே நிற்கும். ரெஃப்ரெஷ் செய்தால் ஃபார்ம் மறுபடியும் போகும், பில்லிங்கில் இது ஆபத்து. ரீடைரக்ட் செய்தால் ஒரு ரிக்வெஸ்ட் முடியும் வரை மட்டுமே இருக்கும் ரிக்வெஸ்ட் ஸ்கோப்பில் இருப்பது போய்விடும் என்பதால், ‘சேமிக்கப்பட்டது’ போன்ற செய்தி அடுத்த பக்கத்தில் தெரிய அடுத்த ரிக்வெஸ்ட் வரை தரவை வைத்திருக்கும் ஃப்ளாஷில் கீப்-மெசேஜஸை ஆன் செய்ய வேண்டும். எக்ஸ்எம்எல்-இலும் ரீடைரக்ட் டேக் உண்டு, ஆகவே இந்த விஷயத்தில் இரண்டும் சமம்தான்.

பக்கத்தின் பெயரை மாற்றும்போது மட்டும் எக்ஸ்எம்எல் சுலபம்: ஒரே கோப்பைத் திருத்தினால் முடிந்தது. நேரடிப் பெயர் வெறும் ஸ்ட்ரிங், தப்பாக அடித்தாலும் கம்பைலர் சொல்லாது. பெயர்களை ஒரு கான்ஸ்டன்ட் கிளாஸில் வைத்துச் சமாளிக்கிறோம். ப்ராஜெக்ட் ஸ்டேஜ் என்ற அமைப்பை டெவலப்மென்ட் என்று வைத்தால், பொருந்தாத பெயருக்கான எச்சரிக்கை அந்த வலைப் பக்கத்திலேயே வரும்.

பல படிகள் கொண்ட ஒப்புதல் வேலைகளை நான் அதிகம் செய்ததில்லை. 2013-இல் 2.2 பதிப்போடு வந்த, பல பக்கங்களை ஒரே தொடராகக் கட்டும் ஃபேசஸ் ஃப்ளோவைச் சிறிய அளவில்தான் பார்த்திருக்கிறேன். முழுப் பாதையும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அங்கே எக்ஸ்எம்எல்லே வசதியாக இருக்கலாம்.